கறி இல்லாத தட்டும் தீட்டு இல்லாத பந்தியும்

ஒருவர் தன்னை வீகன் என்று சொன்னதும் நம் பக்கத்தில் இரண்டு விதமான எதிர்வினைகள் வருகின்றன. ஒன்று கேலி: "என்ன தோழர், பூணூல் எப்போ?" இன்னொன்று சந்தேகம்: மாட்டுக்கறி வைத்திருந்ததாகச் சொல்லி மனிதர்கள் அடித்துக் கொல்லப்படும் நாட்டில், கறி வேண்டாம் என்ற பேச்சு யாருக்குப் பயன்படும்? கேலியை விட்டுவிடலாம். சந்தேகம் நியாயமானது. 2015 செப்டம்பரில் தாத்ரியில் முகமது அக்லாக் கொல்லப்பட்ட பிறகு, உணவு பற்றி இந்த நாட்டில் யார் பேசினாலும் அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும்.

ஆனால் பதில் சொல்ல வேண்டிய தேவை நமக்கும் இருக்கிறது. நம் வாசிப்பு வட்டங்களிலும் மாணவர் அமைப்புகளிலும், விலங்குகள் மீதான அக்கறையாலோ காலநிலை பற்றிய கவலையாலோ வீகனாக மாறும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் தலித், பிற்படுத்தப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு. "நீ பார்ப்பனியத்துக்குப் போய்விட்டாய்" என்று அவர்களைத் தள்ளிவிட்டால், அவர்களை அணைத்துக்கொள்ளக் கோசாலைக்காரர்கள் தயாராக இருக்கிறார்கள். எனவே இதைக் கேலியாக முடிக்காமல் அரசியலாகப் பேசிவிடுவது நல்லது.

நான் சொல்ல வருவது இதுதான். கறி உண்ணாமல் இருப்பது வேறு, தீட்டுப் பார்ப்பது வேறு. இந்தியாவில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று இறுகக் கட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்க்க முடியும். அதை அவிழ்க்கும் முதல் பொறுப்பு கறி உண்பவர்களுடையது அல்ல, வீகன்களுடையது.

சந்தைக்குள் ஒரு கவுண்டர்

என் முனைவர் பட்ட ஆய்வு நகரச் சந்தைகளையும் அங்கே வேலை செய்பவர்களையும் பற்றியது. 2022இல் ஒரு கட்டுரை வாசிக்க லாஸ் ஏஞ்சல்ஸ் போனபோது, நகரின் நடுவில் இருக்கும் கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட்டில் சில நாட்களைக் கழித்தேன். பிராட்வே, ஹில் ஆகிய இரண்டு தெருக்களுக்கு நடுவே, இரு பக்கமும் வாசல் திறந்து கிடக்கும் சந்தை அது. 1917இல் திறக்கப்பட்டது. காய்ந்த மிளகாய் விற்கும் கடை, பன்றிக்கறியைக் கொப்பரையில் வேகவைத்து வெட்டித் தரும் மெக்சிகோக் கடை, 1959 முதல் இருக்கும் சைனா கஃபே, மீன் கடை, பழக்கடை என எல்லாம் ஒரே கூரையின் கீழ். இவற்றுக்கு நடுவே ஒரு சின்ன வீகன் ராமென் கவுண்டர்.

தனி அறை கிடையாது, கதவு கிடையாது. ஒரு மேடை, அதைச் சுற்றி உயரமான ஸ்டூல்கள், அவ்வளவுதான். எதிரில் சமைக்கிறார்கள், இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ராமென் என்றாலே பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த சாறு என்பது பலருக்கும் தெரிந்ததுதான். இங்கே அந்தக் கெட்டிச் சாறு சூரியகாந்தி விதையிலிருந்து வருகிறது. கறித்துண்டு இருக்க வேண்டிய இடத்தில் தடித்த காளான். ருசி பிரமாதம். உப்பும் எண்ணெயும் காரமும் கொஞ்சமும் குறையவில்லை. "உடம்புக்கு நல்லது, மனசுக்கு சாந்தி" என்ற உபதேசம் எந்தப் பலகையிலும் இல்லை.

அந்த ருசியைவிட என் ஆய்வுக் குறிப்பேட்டில் அதிக இடம் பிடித்தது வேறொன்று. இடப்பக்கம் இருந்தவர் ராமெனுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை பக்கத்துக் கடையில் வாங்கிய பன்றிக்கறி டாக்கோவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை. சந்தையின் பொது மேசைகளில் வீகன் கிண்ணமும் மீன் தட்டும் மாட்டுக்கறி சாண்ட்விச்சும் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. கவுண்டரில் வேலை பார்த்த இளைஞர் தன் இடைவேளையில் கறிக்கடையிலிருந்து ஒரு தட்டு வாங்கி அதே மேசையில் உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, திரும்பி வந்து காளான் வெட்டினார். அந்தக் காளான் தீட்டாகிவிடவில்லை.

இதை நான் சொர்க்கமாகக் காட்டவில்லை. அந்தக் கிண்ணத்தின் விலை 15 டாலருக்குப் பக்கம். அந்தச் சந்தை நெடுங்காலமாக லத்தீனோ உழைக்கும் மக்கள் மலிவாகக் காய்கறி வாங்கிய இடம். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் புதிய கடைகள் வர வர, பழைய மளிகைக் கடைகளும் காய்கறிக் கடைகளும் குறைந்துபோயின. வீகன் கவுண்டரும் அந்தப் புதுவரவில் ஒன்று. அதில் விழும் காய்கறிக்கும் வரலாறு இருக்கிறது. கலிபோர்னியா வயல்களில் வெயிலில் குனிந்து அறுவடை செய்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த குடியேறிகள். 1965இல் டெலானோ என்ற ஊரில் பிலிப்பினோத் தொழிலாளர்கள் தொடங்கி, மெக்சிகோத் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்திய திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் ஐந்து ஆண்டுகள் நீடித்தது. செடியில் விளைந்ததால் மட்டுமே ஒரு உணவு வன்முறையற்றது ஆகிவிடாது என்பதற்கு அந்த வயல்களே சாட்சி.

சாதியும் அங்கே இல்லாமல் இல்லை. அலுவலக மதிய உணவு மேசையில் "நீங்க வெஜிடேரியனா?" என்ற கேள்வியை இந்தியர் ஒருவர் இந்தியர் ஒருவரிடம் கேட்கும்போது, பல நேரம் அது சாதியைத் தோண்டும் கேள்வி. அதே கலிபோர்னியாவில், சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடை செய்யும் எஸ்.பி. 403 மசோதா 2023இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் கேவின் நியூசம் அக்டோபர் 7 அன்று அதைத் தன் மறுப்பதிகாரத்தால் நிறுத்தினார்.

இவ்வளவு குறைகளுக்கு நடுவிலும் அந்தக் கவுண்டர் ஒன்றைக் காட்டியது. கறி இல்லாத சமையலுக்குத் தனி வாசலோ தனி மேசையோ தேவையில்லை. தீட்டு பற்றிய பயமும் தேவையில்லை. அப்படியானால் நம் ஊரில் அவை எதற்காக?

பக்கத்தில் யார் உட்காரலாம்?

சாப்பாட்டு மேடை என்பது அமெரிக்காவிலும் சும்மா வந்துவிடவில்லை. 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் ஊல்வொர்த் கடையின் உணவு மேடையில் போய் உட்கார்ந்தார்கள். கடையில் சாமான் வாங்க அவர்களுக்கு அனுமதி உண்டு, அந்த மேடையில் உட்கார்ந்து காப்பி குடிக்க அனுமதி இல்லை. அவர்கள் எழவில்லை. போராட்டம் பல நகரங்களுக்குப் பரவியது. ஜூலை 25 அன்று நிர்வாகம் இறங்கி வந்தபோது, அந்த மேடையில் முதலில் பரிமாறப்பட்டவர்கள் அதே கடையில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்கள். அதுவரை மேடைக்கு அந்தப் பக்கம் நின்று உழைக்கலாம், இந்தப் பக்கம் உட்காரக் கூடாது என்பதுதான் அவர்களுக்கு விதி.

இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நம் வரலாற்றில் இதைவிட ஒரு முடிச்சு கூடுதல். இங்கே நடந்த முக்கியமான பந்திப் போராட்டங்கள் பலவற்றில் இலையில் கறியே இல்லை.

1917 மே மாதம், லாஸ் ஏஞ்சல்ஸ் சந்தை திறந்த அதே ஆண்டு, கேரளத்தின் செறாயியில் சகோதரன் ஐயப்பன் மிஸ்ரபோஜனம் நடத்தினார். ஈழவர்களும் புலையர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இலையில் இருந்தது சோறும், பலாக்கொட்டையும் கடலையும் சேர்ந்த கறியும். இன்றைய அகராதியில் அது முழுக்க வீகன் உணவு. அந்த உணவுக்காக அவர் சொந்தச் சாதியால் ஒதுக்கப்பட்டார், 'புலையன் ஐயப்பன்' என்று ஏசப்பட்டார். அந்த ஏச்சைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார். பலாக்கொட்டையில் தீட்டு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும் பரிமாறிய கையிலும்தான் சாதி தீட்டைக் கண்டது.

1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பன மாணவர்களுக்குத் தனிப் பந்தி என்பதை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் சண்டையிட்டபோது, கேள்வி இலையில் என்ன இருந்தது என்பதல்ல, இலை எங்கே போடப்பட்டது என்பது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் திராவிடர் கழகத் தோழர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை சென்றது, பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லுக்காக. இட்லியும் தோசையும் பற்றி அவர்களுக்குப் புகார் இல்லை.

பழைய கதை என்று ஒதுக்க வேண்டாம். 2018இல் திருப்பூர் மாவட்டம் அவினாசிக்கு அருகே ஒரு அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். 2023இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டபோது, கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தலித் பெண் சமைத்ததால் பிள்ளைகள் அங்கே சாப்பிடக் கூடாது என்று பெற்றோர்கள் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. காலை உணவில் என்ன இருக்கும்? உப்புமா, கிச்சடி, பொங்கல். ஒரு எலும்புத் துண்டுகூட இல்லாத உப்புமாவைச் சாதி தீண்ட மறுத்தது. 'சைவம் என்பது உயிர்களிடத்தில் கருணை' என்று சொல்பவர்கள் இந்த உப்புமாவுக்கு ஒரு விளக்கம் தர வேண்டும்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். நம் பாட்டிமார்களின் அன்றாட உணவு என்ன? கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ், பச்சை மிளகாய், வெங்காயம், வரப்பில் பறித்த கீரை. கறி நல்ல நாளிலும் ஊர்த் திருவிழாவிலும் வந்தது. கருவாடும் நத்தையும் கிடைத்தபோது வந்தன. வறுமை காரணமாக வாரத்தில் பெரும்பாலான நாட்கள் செடி கொடியிலிருந்து வந்ததையே உண்ட அந்த மக்களை யாரும் 'சைவம்' என்று மதிக்கவில்லை. ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை. ஆக, உணவிலிருந்து தூய்மை வந்து மனிதரிடம் ஒட்டிக்கொள்வதில்லை. மனிதருக்குச் சாதி கொடுத்த தரத்தைத்தான் உணவின் மேல் பூசுகிறார்கள்.

சொல்லிலேயே இருக்கும் வேலி

நம் மொழியும் இந்த விஷயத்தில் நமக்கு உதவவில்லை. ஒரு மதத்தின் பெயரை எடுத்து உணவுக்கு வைத்து 'சைவம்' என்கிறோம். அதை உண்ணாதவர்களுக்கு என்று ஒரு பெயர்கூட இல்லை, 'அசைவம்' என்ற எதிர்மறை மட்டுமே. 'சுத்த சைவம்' என்று பலகை உண்டு. 'சுத்த அசைவம்' என்று எங்காவது பார்த்திருக்கிறீர்களா? 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் சுமார் 70 விழுக்காட்டினரும், தமிழ்நாட்டில் 97 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்களும் அசைவம் உண்பவர்கள் என்று மத்திய அரசின் 2014 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு சொல்கிறது. நூற்றுக்கு மூன்று பேரின் உணவுக்குப் பெயரும் பெருமையும் இருக்க, 97 பேரின் உணவுக்கு ஒரு 'அ' போதும் என்று நாமும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

வீகன் என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் உருவாக்கியது. விலங்கிலிருந்து வரும் எதையும், பாலையும் முட்டையையும்கூட, தவிர்ப்பவர்கள் என்பது பொருள். இதற்குத் தமிழில் சிலர் 'நனிசைவம்' என்று எழுதுகிறார்கள். மிகுதியான சைவம் என்று அர்த்தம். ஏற்கெனவே உயரத்தில் வைத்ததற்கு மேலும் ஒரு படி போட்டுக் கொடுக்கும் இந்த மொழிபெயர்ப்பு எனக்கு வேண்டாம். வீகன் என்றே சொல்வோம். ஈழத்தமிழர் காய்கறிக்குச் சொல்லும் 'மரக்கறி' என்ற அழகான சொல் இருக்கிறது. அதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. மரத்திலும் செடியிலும் வந்த கறி, அவ்வளவே.

சொல்லில் இருக்கும் வேலி கட்டடத்திலும் ஏறும். 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் மெஸ் ஒன்றில் சைவ மாணவர்களுக்குத் தனி வாசலும் தனிக் கைகழுவும் இடமும் குறிக்கப்பட்டிருந்ததை அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் வெளிக்கொண்டு வந்தது. 2023இல் மும்பை ஐஐடியின் விடுதியில் 'சைவ உணவு உண்பவர்கள் மட்டுமே இங்கே உட்காரலாம்' என்ற அறிவிப்பு ஒட்டப்பட்டது. பின்னர் சில மேசைகள் அதிகாரப்பூர்வமாகவே ஒதுக்கப்பட்டன. அதை எதிர்த்து அந்த மேசையில் உட்கார்ந்து அசைவம் சாப்பிட்ட மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம். 2024 மார்ச்சில் ஜொமாட்டோ 'சுத்த சைவ' உணவுகளைக் கொண்டுபோகத் தனிப் படையும் பச்சைச் சீருடையும் அறிவித்தது. சிவப்புச் சட்டைக்காரரைக் குடியிருப்புகள் உள்ளே விட மறுக்கும் என்ற எதிர்ப்பு எழுந்ததும் மறுநாளே பச்சைச் சட்டையைக் கைவிட்டது. தனிப் படையைக் கைவிடவில்லை.

பொட்டலம் மூடித்தான் வருகிறது. உள்ளே இருக்கும் பன்னீர் மேல் பக்கத்துப் பையின் கோழி பாய்ந்துவிடாது. ஆனாலும் தனிப் பை, தனி ஆள் வேண்டும் என்றால், அந்தக் கோரிக்கைக்கும் கோழியின் உயிருக்கும் தொடர்பே இல்லை. கை கழுவும் குழாயைத் தனியாக்கினால் ஒரு ஆடுகூடப் பிழைக்காது.

பாலைப் பற்றி ஏன் பேச்சில்லை?

இங்கேதான் வீகனுக்கும் சுத்த சைவத்துக்கும் இடையே சமரசம் செய்ய முடியாத ஒரு முரண் இருக்கிறது. சுத்த சைவம் நிற்பது பாலின் மேல். நெய், தயிர், பன்னீர், அபிஷேகப் பால், பஞ்சகவ்யம். வீகன் முதலில் கைவைப்பது இவற்றில்தான்.

கணக்கு எளிது. கன்று போடாமல் மாடு பால் தராது. பிறக்கும் கன்றுகளில் பாதிக்குப் பக்கம் காளைக்கன்று. டிராக்டர் வந்த பிறகு அதற்கு உழவிலும் வேலை இல்லை. பால் வற்றிய மாட்டை ஆண்டுக்கணக்கில் கட்டித் தீனி போடச் சிறு விவசாயியால் முடியாது. எனவே பால் தொழிலும் இறைச்சித் தொழிலும் ஒரே தொழிலின் இரண்டு முனைகள். உலகில் மிக அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. எருமை இறைச்சி ஏற்றுமதியில் முன்வரிசையில் நிற்பதும் இதே நாடு. ஒன்றை வணங்கிக்கொண்டு மற்றொன்றைத் தடை செய்பவர்கள் செய்வது என்ன? பாலின் லாபத்தையும் ருசியையும் புண்ணியத்தையும் தாங்கள் எடுத்துக்கொண்டு, அதன் மரணத்தைத் தலித்துகள் மேலும் முஸ்லிம்கள் மேலும் தள்ளுகிறார்கள். செத்த மாட்டை யார் தூக்குவது, யார் உரிப்பது என்பதைச் சாதி முடிவு செய்கிறது. 2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். உரிக்கச் சொன்னதும் இதே சமூகம், உரித்ததற்கு அடித்ததும் இதே சமூகம்.

ஆகவே விலங்குகளுக்காகப் பேசுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் நான் முதலில் கேட்பது: உங்கள் பேச்சு எங்கே தொடங்குகிறது? பெருநகரப் பால் நிறுவனத்திடமா, கோயில் அபிஷேகத்திடமா, கல்யாண வீட்டு நெய்யிடமா? அல்லது தெருமுனையில் நிற்கும் மாட்டுக்கறிக் கடைக்காரரிடமா? கடைசியில் சொன்னவரிடம் மட்டும் தொடங்கி அவரிடமே முடியும் கருணைக்கு விலங்குரிமை என்று பெயர் இல்லை.

மறுப்பும் தடையும்

"அப்படியானால் ஒடுக்கப்பட்டவர்கள் கறியை விடுவது சரணடைதல்தானே?" என்று தோழர்கள் கேட்கலாம். யார் விடச் சொன்னது, எதற்காக என்பதைப் பொறுத்தது.

1927 மார்ச்சில் மகாடில் பாபாசாகேப் அம்பேத்கர் கூட்டிய மாநாட்டில், செத்த மாட்டு இறைச்சியை உண்பதை நிறுத்துவது என்று மக்கள் முடிவெடுத்தார்கள். அதே மாநாடுதான் பொதுக்குளத்தில் இறங்கித் தண்ணீர் எடுத்தது. ஒன்றை மறுத்தது சுயமரியாதைக்காக, மற்றொன்றை எடுத்ததும் சுயமரியாதைக்காக. இருபது ஆண்டுகள் கழித்து 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில், பார்ப்பனர்கள் மாட்டிறைச்சியை விட்டதும் சைவத்துக்கு மாறியதும் பௌத்தத்தை வீழ்த்துவதற்கான உத்தி என்று அம்பேத்கர் வாதிட்டார். ஒரே செயல்தான், கறியை விடுதல். ஓரிடத்தில் அது விடுதலைக்கான அடி, இன்னோரிடத்தில் ஆதிக்கத்துக்கான கருவி.

தமிழிலும் புலால் மறுப்புக்குப் பழைய வேர் உண்டு. திருக்குறளில் புலால் மறுத்தலும் கொல்லாமையும் தனித்தனி அதிகாரங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வள்ளலார் சாதியை மறுத்தார், கொலையையும் மறுத்தார். 1867இல் அவர் வடலூரில் தொடங்கிய தருமச்சாலையில் பசி ஒன்றே தகுதி. ஆனால் அதே வடலூரில் சத்திய ஞான சபைக்குள் நுழையப் புலால் மறுத்திருக்க வேண்டும். இந்த இரண்டு வாசல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அடுப்பு எல்லோருக்கும் எரிந்தது. உணவு, உள்ளே வருவதற்கான தகுதியாக மாறிய இடத்தில் வாசல் குறுகியது. வள்ளலாரின் நோக்கத்தில் சாதி இல்லை என்பது உறுதி. ஆனாலும் சாதிச் சமூகத்தில் உணவைத் தகுதியாக வைத்தால், வாசலுக்கு வெளியே நிற்கப்போவது யார் என்பதைச் சாதியே தீர்மானித்துவிடும்.

எனவே மறுப்பையும் தடையையும் பிரித்துப் பார்ப்போம். என் தட்டில் கறி வேண்டாம் என்று நான் சொல்வது மறுப்பு. உன் தட்டில் கறி இருக்கக் கூடாது, இருந்தால் என் பக்கத்தில் உட்காராதே, என் வீட்டில் வாடகைக்கு வராதே, என் தெருவில் கடை போடாதே என்பது தடை. முதலாவது யாருக்கும் உரிமை. இரண்டாவதைச் செய்ய அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரம் இந்த நாட்டில் யார் கையில் இருக்கிறது என்பது தெரிந்ததே.

இந்தப் பிரிவினையைச் சோதித்துப் பார்க்க நல்ல உதாரணம் முட்டை. தமிழ்நாட்டில் 1989இல் கலைஞர் ஆட்சியில் சத்துணவில் முட்டை வந்தது. இன்று பள்ளி நடக்கும் ஐந்து நாளும் கிடைக்கிறது. வேண்டாம் என்ற பிள்ளைக்கு வாழைப்பழம். யாரும் யாரையும் தடுக்கவில்லை. மத்தியப் பிரதேசத்திலோ 2015இல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை தரும் யோசனையை முதல்வரே மறுத்தார். 2021இல் கர்நாடகத்தில் பள்ளிகளில் முட்டை வந்தபோது மடாதிபதிகள் எதிர்த்து எழுந்தார்கள். தன் வீட்டில் நெய்யும் பன்னீரும் முந்திரியும் தின்னும் வசதி உள்ளவர், வேறு புரதம் வாங்க வழியில்லாத குழந்தையின் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுப்பதற்கு எந்த அறத்திலும் இடமில்லை. ஒரு வீகன் இந்த முட்டையை ஆதரிக்க முடியுமா? முடிய வேண்டும். தன் தட்டில் முட்டையை மறுத்துக்கொண்டே, அந்தக் குழந்தையின் முட்டைக்காகத் தெருவில் நிற்கத் தெரிந்தவரைத்தான் நான் தோழர் என்பேன்.

இருபக்கமும் செய்ய வேண்டியவை

வீகன் தோழர்களிடம் மூன்று கோரிக்கைகள். உங்கள் உணவைச் 'சுத்தம்', 'சாத்வீகம்' என்ற சொற்களால் விற்காதீர்கள். அந்தச் சொற்களுக்குப் பின்னால் வருவது விலங்கு நேயம் அல்ல. தனி மேசை, தனிப் பாத்திரம், தனி வாசல் என்ற சலுகை உங்கள் பெயரில் தரப்பட்டால் முதலில் நீங்களே மறுத்து எழுந்திருங்கள். கறிக்காக மனிதர் தாக்கப்படும்போது உங்கள் கண்டனம் எங்கள் கண்டனத்துக்கு முன்னால் வரட்டும். 'வீகன்களும் மாட்டுக்கறித் தடையை எதிர்க்கிறோம்' என்ற ஒரு பதாகைக்கு, எங்கள் நூறு பதாகைகளுக்கு இல்லாத வலிமை உண்டு. ஏனென்றால் தடை போடுபவர்கள் கருணை என்று சொல்லித்தான் போடுகிறார்கள். அந்தக் கருணையின் உரிமையாளர்களே எதிர்த்தால் அவர்களிடம் வேறு சாக்கு மிஞ்சாது.

நம் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. மாட்டுக்கறி விருந்து நம் போராட்ட வடிவம், அது தொடர வேண்டும். ஆனால் அதைத் தின்பதுதான் சாதி எதிர்ப்புக்கான அடையாள அட்டை என்று ஆக்கிவிடக் கூடாது. மாட்டுக்கறியை ருசித்துத் தின்றுவிட்டுச் சொந்தச் சாதியிலேயே பெண் பார்க்கும் முற்போக்காளர்களை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம். ஒருவர் என்ன தின்கிறார் என்பதைவிட, யாரோடு தின்கிறார், யார் சமைத்ததைத் தின்கிறார், தன் வீட்டுப் பந்தியில் யாரை உட்காரவைக்கிறார் என்பதே நம் கேள்வியாக இருக்கட்டும்.

அடுத்த முறை உங்கள் விடுதியிலோ அமைப்பிலோ விருந்து நடக்கும்போது ஒரே வரிசையில் இலை போடுங்கள். மாட்டுக்கறி பிரியாணியும் இருக்கட்டும், பலாக்கொட்டைக் கறியும் இருக்கட்டும். இரண்டையும் ஒரே ஆட்கள் சமைத்து ஒரே ஆட்கள் பரிமாறட்டும். வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம், வேண்டாததை வேண்டாம் என்று சொல்லலாம். எழுந்து வேறு இடத்தில் போய் உட்காருவதற்கு மட்டும் அங்கே இடம் வைக்காதீர்கள்.